மதுரைக்குப் படிக்க வருகிறவர்களுக்கு: ஓர் 80 பக்க நோட்டிலிருந்து

பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போக வேண்டும் என்று மதுரையில் யாரிடம் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: “எந்த பஸ் ஸ்டாண்ட்?” நான் வந்து இறங்கிய முதல் நாள் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல், தகரப் பெட்டியும் தலையணையுமாக அரை மணி நேரம் நின்றேன். அன்றிரவு விடுதியில் ஓர் 80 பக்க நோட்டை எடுத்து, முதல் வரியாக இதைத்தான் எழுதினேன்: ‘மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், பெரியார். மூன்றும் வேறு வேறு.’

கமுதிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா கரிமூட்டம் போடுவார். மழை கைகொடுத்த ஆண்டுகளில் குண்டு மிளகாயும் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு என்று ஐந்து ஆண்டுகள் மதுரையில் பொருளியல் படித்தேன். நோட்டு ஐந்து ஆண்டும் கூடவே இருந்தது. பாடக் குறிப்பு ஒன்றுகூட அதில் கிடையாது. எந்த ஜன்னலில் யார் இருப்பார், எத்தனை மணிக்கு இருப்பார், என்ன காகிதம் கேட்பார், இவைதான். இந்த ஆண்டு எங்கள் பக்கத்திலிருந்து மூன்று பிள்ளைகள் மதுரையில் சேர்ந்திருக்கிறார்கள். மூவரும் நோட்டைக் கேட்கிறார்கள். மூன்றாகப் பிய்த்துக் கொடுக்க முடியாது என்பதால் இங்கே எழுதிவிடுகிறேன். நான் எந்த வரிசையில் தடுமாறினேனோ அதே வரிசையில்.

கிளம்புவதற்கு முன்

துணியை அடுக்குவதற்கு முன் சான்றிதழ்க் கோப்பை அடுக்குங்கள். மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ் (டி.சி. என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்), சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். ஒவ்வொன்றிலும் ஐந்து நகல். பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் குறைந்தது பத்து. எல்லாவற்றையும் கைப்பேசியிலும் படமாக வைத்துக்கொள்ளுங்கள். அரசின் டிஜிலாக்கர் செயலியில் கிடைப்பவற்றை அதில் இறக்கி வைப்பது இன்னும் நல்லது.

வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்துவிடுங்கள். தேர்வு முடிவு வந்த பிறகு ஊரே அங்கே நிற்கும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசை மேசையாக அது நகர வேண்டும். இடையில் ஒருவர் விடுப்பில் போனால் உங்கள் சேர்க்கை நாளும் அவரோடு விடுப்பில் போகும். வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் தனிச் சான்றிதழ் இருக்கிறது. பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்கிறவர்கள் கட்டணச் சலுகைக்கு அதை மறக்கவே கூடாது.

இந்தக் கோப்பு விஷயத்தில் என் முதல் அசட்டுத்தனம்: நகல் எடுக்கும் கடையில், கண்ணாடிக்கும் மூடிக்கும் நடுவே பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழின் அசலை விட்டுவிட்டு, நகல்களை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் காலை ஓடினால், கடைக்கார அண்ணன் மேசைக்கு மேலே கயிற்றில் கிளிப் போட்டு அதைத் தொங்கவிட்டிருந்தார். அதே கயிற்றில் இன்னும் நான்கு பேருடைய அசல்கள் தொங்கின. நகல் எடுத்து முடிந்ததும் மூடியைத் தூக்கிப் பார்ப்பது என் கைக்குப் பழகியது அன்றிலிருந்துதான்.

சேர்க்கையின்போது டி.சி.யைக் கல்லூரி வாங்கிக்கொள்ளும். மற்ற அசல்களைச் சரிபார்த்துவிட்டு உங்களிடமே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-இல் அறிவித்திருக்கிறது. யாராவது கேட்டு வாங்கி உள்ளே வைத்தால், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒன்றை மரியாதையாகக் கேளுங்கள். சீட்டு கேட்டதுமே பல நேரம் சான்றிதழ் திரும்பி வந்துவிடும்.

உதவித்தொகை எந்தக் கணக்குக்கு வரும்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. இவற்றுக்குப் பள்ளியில் கொடுத்த எமிஸ் எண் தேவைப்படும். பள்ளியை விட்டு வருவதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கான உதவித்தொகைகள் தனி. இவற்றுக்கு வருமான வரம்பு உண்டு.

விண்ணப்பிப்பதை எல்லோரும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பணம் வந்து விழும் இடத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. ஆதாரை வங்கிக் கணக்கில் பதிவது ஒன்று. அந்த ஆதாருக்கு வரும் அரசுப் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று தேசியப் பணப்பரிமாற்ற அமைப்பில் குறித்து வைப்பது இன்னொன்று. இரண்டாவதை வங்கிகளில் ‘என்.பி.சி.ஐ. மேப்பிங்’ என்கிறார்கள். விண்ணப்பத்தில் நீங்கள் எந்தக் கணக்கு எண்ணை எழுதினாலும், ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக எந்த வங்கியோடு மேப்பிங் செய்யப்பட்டதோ அங்கேதான் போகும். எனக்கு எட்டாம் வகுப்பில் பள்ளியில் திறந்து கொடுத்த பழைய கணக்கு ஒன்று இருந்தது. நான் மதுரையில் புதுக் கணக்குப் புத்தகத்தை மாதாமாதம் பதிந்து பார்த்துக்கொண்டிருக்க, பணம் ஊரில் அந்தப் பழைய கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது. கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

ஆதார் இணையதளத்தில் உள்ளே நுழைந்தால் ‘வங்கி இணைப்பு நிலை’ என்று ஓர் இடம் இருக்கும். எந்த வங்கி, இணைப்பு நடப்பில் இருக்கிறதா இல்லையா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாற்ற வேண்டுமானால் வங்கிக்கு நேரில் போய் அதற்கான படிவத்தைக் கேளுங்கள். “ஆதார் லிங்க் ஆகிவிட்டது” என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். “மேப்பிங் ஆகிவிட்டதா?” என்று அந்த வார்த்தையையே போட்டுக் கேளுங்கள்.

ஊரைப் பழகுவது

மாட்டுத்தாவணி: சென்னை, திருச்சி, ராமநாதபுரம், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். ஆரப்பாளையம்: தேனி, திண்டுக்கல், பழனி, கோயம்புத்தூர்ப் பக்கம். பெரியார்: ரயில் நிலையத்துக்கு அருகே, டவுன் பஸ்கள். ஊரிலிருந்து முதல்முறை வரும்போது எந்த ஸ்டாண்டில் இறங்குவீர்கள், உங்கள் கல்லூரி எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு ஏறுங்கள்.

பழைய நகரம் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக அடுக்கியது. கோயிலுக்கு வெளியே வரும்போது முதலில் சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, அதற்கும் வெளியே வெளி வீதி. ஒவ்வொன்றும் நான்கு திசைக்கு நான்கு. ‘மேலமாசி வீதி’ என்றால் மேடான வீதி என்று நினைத்துவிடாதீர்கள், மேற்கு. ‘கீழ’ என்றால் கிழக்கு. இது பிடிபட்டுவிட்டால் நகருக்குள் தொலைவது கடினம். எந்தச் சந்தில் மாட்டிக்கொண்டாலும் ஒரு கோபுரம் தெரியும் வரை நடந்தால் போதும்.

வைகைக்குத் தெற்கே இந்தப் பழைய நகரம். வடக்கே கோரிப்பாளையம், தல்லாகுளம், அண்ணா நகர், கே.கே. நகர். 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியும் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியும் வடகரையில். தியாகராசர் கல்லூரி தென்கிழக்கே தெப்பக்குளத்தின் பக்கம். தியாகராசர் பொறியியல் கல்லூரி திருப்பரங்குன்றத்தில். வேளாண்மைக் கல்லூரி யானைமலையைத் தாண்டி ஒத்தக்கடைப் பக்கம். 1966-இல் தொடங்கிய மதுரைக் காமராசர் பல்கலைக்கழகமோ நகருக்கு மேற்கே, தேனி சாலையில், நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே பல்கலை நகரில் இருக்கிறது. அங்கே சேர்கிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மாட்டுத்தாவணியில் ‘புதுக்கோட்டை’ என்று பலகை போட்டு நிற்கிற பஸ் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற மாவட்டத் தலைநகருக்குப் போகிறது. என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் அதில் ஏறி மேலூர் வரை போய்விட்டான்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆண்கள் கல்லூரி அலுவலகத்தில் பஸ் பாஸ் பற்றி முதல் வாரமே கேட்டுவிடுங்கள். ரயிலில் விடுமுறைக்கு ஊருக்குப் போய்வர மாணவர்களுக்குச் சலுகை உண்டு: இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் பொதுப் பிரிவினருக்குப் பாதிக் கட்டணம், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. அதற்கான படிவத்தைக் கல்லூரியில் கையெழுத்துடன் வாங்கிக்கொண்டு முன்பதிவு கவுண்டருக்குப் போக வேண்டும். இப்படி ஒன்று இருப்பதே மூன்றாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது.

தங்குமிடம்

முடிந்தால் முதல் ஆண்டு விடுதியில் இருங்கள். இது என் கருத்து. வெளியே அறை எடுத்தால் வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், கேஸ், பாத்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் நீங்களே யோசிக்க வேண்டும். முதல் ஆண்டில் யோசிக்க வேறு விஷயங்கள் இருக்கின்றன. கல்லூரி விடுதியில் இடம் இல்லை என்றால் அரசின் ஆதிதிராவிடர் நல விடுதிகளும் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளும் இருக்கின்றன. இப்போது அவற்றைச் சமூகநீதி விடுதிகள் என்கிறார்கள். தங்குவதும் சாப்பாடும் இலவசம். விண்ணப்பம் சேர்க்கையோடு சேர்ந்தே நடக்கும். கல்லூரி திறந்து ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் இடம் இருக்காது.

விடுதியில் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்று ஒரு சொல் அடிபடும். அந்த மாதம் மெஸ்ஸுக்கு ஆன மொத்தச் செலவைச் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையால் வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். அதனால் மெஸ் பில் மாதத்துக்கு மாதம் மாறும். ஊருக்குப் போகும் நாட்களைக் கழிக்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை நாள் முன்பு, குறைந்தது எத்தனை நாள் என்ற விதி விடுதிக்கு விடுதி வேறு. அதைச் சேர்ந்த அன்றே வார்டனிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவர வேண்டியவை: பூட்டு இரண்டு, வாளி, குவளை, கொசுவலை, கொடிக்கயிறு. மற்றதெல்லாம் இங்கேயே கிடைக்கும். துணிமணிக்கு விளக்குத்தூண் பக்கம், மளிகைக்குக் கீழமாசி வீதி. போர்வை கனமாக வேண்டாம். மதுரையில் குளிர் என்பது மார்கழியில் பத்து நாள் வந்து போகும் விருந்தாளி.

ஜன்னல்கள்

இந்தப் பகுதிக்காகத்தான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன். பேராசிரியர்களை நினைத்துப் பயந்துகொண்டு வந்தேன். ஆனால் முதல் செமஸ்டரில் என்னை அழவைத்ததும் பிறகு கரையேற்றியதும் அலுவலக ஜன்னல்கள்.

கல்லூரியில் ஒரு வேலை ஆக வேண்டுமானால் அது ஒரு ‘செக்ஷனில்’ இருக்கும். கட்டணம் ஒரு செக்ஷன், உதவித்தொகை ஒரு செக்ஷன், தேர்வு ஒரு செக்ஷன். போனஃபைடு சான்றிதழ் (இந்தக் கல்லூரியில் படிக்கிறவள் என்பதற்கான சான்று) கேட்டு நான் மூன்று நாள் ஒரு ஜன்னலில் நின்றேன். மூன்றாம் நாள் அங்கிருந்தவர், “இது இங்கே இல்லையே” என்றார். அவர் மேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சம் அல்ல. ஆனால் முதல் இரண்டு நாளும் நான் அவரிடம் வாயே திறக்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவர்கள் பேசி முடித்ததும் ஜன்னல் மூடிவிட்டது, நான் பேசாமல் திரும்பிவிட்டேன். என்ன வேண்டும் என்று சொல்லாதவளுக்கு அவர் என்ன செய்வார்?

பக்கத்தில் தபால் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டு, ஒரு தாளை நீட்டினார்.

“தங்கச்சி, வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். மனுவாக எழுது. இரண்டு பிரதி. ஒன்று எங்களுக்கு, ஒன்று உனக்கு. உன்னுடையதில் முத்திரையும் தேதியும் வாங்காமல் இந்த இடத்தை விட்டு நகராதே.”

அவர் சொல்லிக் கொடுத்த மனுவின் அமைப்பை அப்படியே தருகிறேன். மேலே இடப்பக்கம் ‘அனுப்புநர்’: பெயர், பதிவு எண், வகுப்பு, துறை. அடுத்து ‘பெறுநர்’: முதல்வர். அதற்குக் கீழே ‘வழி’: துறைத் தலைவர். இந்த ஒரு வரி இல்லாமல் போனால் மனு திரும்பி வரும். பிறகு ‘பொருள்’: ஒரே வரி, ‘வங்கிக் கணக்கு தொடங்க போனஃபைடு சான்றிதழ் வேண்டுதல் தொடர்பாக’. உள்ளடக்கம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். குடும்பக் கஷ்டத்தை எழுதும் ஆசை வரும். கட்டணத் தவணை கேட்கும் மனுவைத் தவிர வேறெதிலும் அதற்கு வேலை இல்லை. இடம், தேதி, கையெழுத்து. பின்னால் ஊக்குக் குத்தி அடையாள அட்டை நகல். முதலில் துறைத் தலைவரிடம் கையெழுத்து, பிறகு அலுவலகம்.

எப்போது போவது? காலை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே. திங்கள்கிழமை வேண்டாம். மதியச் சாப்பாட்டு மணி நெருங்கும்போது நீட்டுகிற காகிதம் அடியில் போகும். ஜன்னலுக்குப் போனதும் முதல் வாக்கியத்திலேயே எந்த ஆண்டு, எந்தத் துறை, என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுங்கள். கிடைத்ததும் நன்றி சொல்லி, பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குறிப்புகள் இருக்கும்: ‘கண்ணாடி போட்டவர், பொறுமை’, ‘நீல நிற மையில் எழுதினால் பிடிக்காது’, ‘மகளும் பொருளியல்’.

ஒரு குறிப்பு தேர்வுக் கட்டணம் பற்றி. அபராதம் இல்லாமல் கட்ட ஒரு கடைசி நாள், அபராதத்தோடு கட்ட ஒரு கடைசி நாள் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். இரண்டையும் எழுதிக்கொண்டு ஊருக்கு உடனே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் மிளகாய்ப் பணம் மாசி, பங்குனியில் வரும். கல்லூரிக் கட்டணமோ ஆனியில் கேட்பார்கள். அப்பாவுக்குத் தேதி ஒரு மாதம் முன்னால் தெரிந்தால் கரி வியாபாரியிடம் முன்பணம் கேட்பார். ஒரு வாரம் முன்னால் தெரிந்தால் வட்டிக்குப் போவார். வீட்டில் கேட்கத் தயங்கி நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குத்தான் செலவு.

வகுப்பில் உட்கார்வது

பன்னிரண்டாம் வகுப்பு வரை எனக்குத் தமிழ்வழி. கல்லூரியில் முதல் வாரம் ஆசிரியர் ‘எலாஸ்டிசிட்டி’ என்று ஒரு மணி நேரம் நடத்தினார். பாவாடை நாடாவுக்குப் பதிலாக வைத்துத் தைப்பார்களே, அந்த எலாஸ்டிக் மட்டும்தான் என் கண்ணில் வந்து வந்து போனது. (பிறகு பார்த்தால், அது ஒன்றும் அவ்வளவு தப்பில்லை.)

இதற்கு ஒரு வழி இருக்கிறது. செலவில்லாத வழி. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் மேல்நிலை வகுப்புப் புத்தகங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பாடத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களை இரண்டு மொழியிலும் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே பாடம், ஒரே படம், ஒரே வரிசை. தமிழில் ஒரு பத்தி, அதற்கு நேரான ஆங்கிலப் பத்தி. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம். நெகிழ்ச்சி (விலை ஏறி இறங்கினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்பது) என்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த ஒன்றுக்குத்தான் எலாஸ்டிசிட்டி என்று பெயர் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். இரண்டு மாதத்தில் முந்நூறு கலைச்சொற்கள் சேர்ந்தன. இயற்பியல், வேதியியல், வணிகவியல், உயிரியல் எதற்கும் இது பொருந்தும்.

வகுப்பில் குறிப்பெடுக்கும்போது ஆங்கில வாக்கியத்தை முழுதாகப் பிடிக்க முயலாதீர்கள். கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். அன்றிரவே அதைத் திருப்பி எழுதிவிட வேண்டும். மூன்று நாள் விட்டால் உங்கள் கையெழுத்தே உங்களுக்குப் புரியாது. தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா என்பது படிப்பையும் கல்லூரியையும் பொறுத்தது. முதல் மாதமே துறையில் கேளுங்கள்.

என் முதல் செமினார் ஒரு விபத்து. முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மூன்றாவது வரியில் எல்லாம் போயிற்று. மேடையில் நான் நின்றேன். மேலே மின்விசிறி சுற்றியது. பேராசிரியர், “தமிழில் சொல்லம்மா, உன் ஊரில் நடப்பதைச் சொல்” என்றார். எனக்குத் தெரிந்தது மிளகாய். விலை பாதியாக இறங்கினாலும் யாரும் குழம்பில் கூடுதலாக நான்கு மிளகாய் கிள்ளிப் போடுவதில்லை. அதனால் விளைச்சல் அமோகமாக இருந்த ஆண்டுகளில்தான் எங்கள் வீட்டில் கடன் அதிகம் என்று சொன்னேன். அவர் எழுந்து கரும்பலகையில் ஒரு கோட்டை நெட்டுக்குத்தாக வரைந்தார். “இவள் சொன்னதுதான் நெகிழ்ச்சியற்ற தேவை” என்றார். நீங்கள் படிக்கிற பாடத்துக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று தேடிப் பாருங்கள். செமினாருக்கு நிற்கும்போது அது கைகொடுக்கும்.

இனி கணக்கு. பல கல்லூரிகளில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தப் பங்கு மாறும். இன்டர்னல் என்பது உள்தேர்வு, அசைன்மென்ட், செமினார் எல்லாம் சேர்ந்தது. கடைசி வாரத்தில் போய்க் கேட்டு வாங்கக்கூடியது இல்லை. வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும். கையில் இருப்பது 22 நாள். காய்ச்சலுக்கு ஒரு வாரம், ஊர்த் திருவிழாவுக்கு மூன்று நாள், அக்கா வளைகாப்பு, சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று அது எப்படிக் கரைகிறது என்றே தெரியாது. 75-க்குக் கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்றிதழும் அபராதக் கட்டணமும் கொடுத்துத் தேர்வு எழுத வழி உண்டு. அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரே கைவிட்டுப் போகும். நோட்டின் பின்அட்டையில் 22 கட்டம் போட்டு, வராத நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டத்தை அடித்துவிடுவேன்.

சாப்பாடு, சீனியர், நூலகம்

மதுரையில் பசியோடு தூங்குவது கடினம். இரவு பதினொன்றுக்கும் இட்லி கிடைக்கும். ஆபத்தும் அதுதான்: முதல் மாதம் எல்லோருடைய பணமும் பரோட்டாவிலும் ஜிகர்தண்டாவிலும் போகும். மாநகராட்சியின் அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. மாதக் கடைசியில் அங்கே தெரிந்த முகங்கள் நிறைய இருக்கும். யாரும் யாரையும் கவனிக்காததுபோல் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

சீனியர்களில் பெரும்பாலோர் பழைய புத்தகம் கொடுப்பார்கள், பழைய வினாத்தாள் கொடுப்பார்கள். பெயர், ஊர் கேட்பது பழகுவதற்கு. அதைத் தாண்டி ஆடச் சொல்வது, அறைக்கு வரச் சொல்வது, சாதி கேட்டுச் சிரிப்பது, இவை பழகுவதற்கு அல்ல. தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. தேசிய உதவி எண் 1800-180-5522, இரவு பகல் எந்நேரமும். துறையில் யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் முதலில் அங்கே கூப்பிடுங்கள்.

கல்லூரி நூலகத்தில் முதல் வாரமே அட்டை வாங்கிவிடுங்கள். அது தவிர, புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது: போட்டித் தேர்வுப் புத்தகங்கள், குளிர்சாதனம், சொந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்து படிக்க இடம். மே மாத மதுரையில் குளிர்சாதனம் ஒன்றே போதுமான காரணம். சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம். தமிழ் படிக்கிறவர்கள் 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்துக்கு ஒருமுறையாவது போய் வாருங்கள்.

ஊர் நினைவு

முதல் வாரம் பரபரப்பில் போய்விடும். மூன்றாம் வாரம்தான் அடிக்கும். எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், விடுதியில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தபோது, யாரோ அறையில் கருவாடு வறுத்த வாசனையில் வந்தது. அன்று சாயங்காலமே பையை எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போய்விட்டேன். அப்பா வாசலில் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும், “காலையில் முதல் பஸ் நாலே முக்காலுக்கு, தாயி” என்றார். அவ்வளவுதான்.

என் யோசனை: முதல் ஆறு வாரத்தில் ஊருக்குப் போகும் நாளை முன்பே குறித்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஒவ்வொரு வெள்ளியும் போகிறவர்கள் மதுரையில் இருந்தும் இல்லாதவர்கள்போல் ஆகிவிடுகிறார்கள். வீட்டுக்குப் பேசுவதற்கு ஒரு நேரம் வையுங்கள். அழுகை வரும் நேரத்தில் எல்லாம் கூப்பிட்டால் அம்மாவால் அங்கே வேலை பார்க்க முடியாது. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரம் தொடர்ந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண் அது. இலவசம், தமிழில் பேசலாம்.

சித்திரை

இரண்டாம் செமஸ்டர் தேர்வும் சித்திரைத் திருவிழாவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும். மீனாட்சி திருக்கல்யாணம், தேர், பிறகு சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் இறங்குவது. அழகர் இறங்கும் நாள் உள்ளூர் விடுமுறை. அதற்கு முன்பின் நாட்களில் பஸ்கள் வழி மாறும், கோரிப்பாளையம், தல்லாகுளம் பக்கம் நகரவே முடியாது. தேர்வு அட்டவணை வந்ததும் நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள். அந்த வாரத்தில் ஆற்றைக் கடந்து தேர்வு மையத்துக்குப் போக வேண்டியிருந்தால் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். முதல் ஆண்டு தேர்வுக்குப் பயந்து அறையிலேயே இருந்துவிட்டேன். இரண்டாம் ஆண்டு விடிய விடிய ஆற்றங்கரையில் நின்றேன். மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை.

கடைசிப் பக்கம்

சேரும் நாளில் கட்டுகிற பணத்தில் ‘காப்புத்தொகை’ என்று ஒரு தொகை இருக்கும். விடுதிக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, ஆய்வகம் இருந்தால் அதற்கும் ஒன்று. படிப்பு முடிந்து போகும்போது திருப்பித் தருவார்கள். அதற்கு ‘நோ டியூ’ (பாக்கி இல்லை) படிவத்தில் துறை, நூலகம், விடுதி, விளையாட்டு என்று எல்லா இடத்திலும் கையெழுத்து வாங்க வேண்டும். கூடவே அன்று கட்டிய ரசீதின் அசல் வேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். ரசீதை எங்கே வைத்தோம் என்று ஐந்து ஆண்டு கழித்து யாருக்கு நினைவிருக்கும்?

என் ரசீதை முதல் வாரமே நோட்டின் கடைசித் தாளில் சோற்றுப் பசை தடவி ஒட்டியிருந்தேன். கடைசி நாள் ஜன்னலில் நீட்டும்போது அது மஞ்சளாகிப் போயிருந்தது. தனியே உரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்போல் இருந்தது. உள்ளே இருந்தவர் அவசரப்படவில்லை, ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார். அதை வைத்துத் தாளோடு சேர்த்துக் கிழித்துக் கொடுத்தேன். நோட்டில் இப்போது 78 பக்கங்கள்தான் இருக்கின்றன.